கோயில் பார்த்த ஆறாவது வீடு

இருநூற்றெண்பது வருடம் கடலையே பார்த்து நின்ற புன்னைத்துறை வியாகுல மாதா கோயில் தெற்கே திரும்பத் தொடங்கியதை முதலில் கண்டவர் கோயில்பிள்ளை பிரகாசி. உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை காலையில் பெரிய கதவைத் திறந்து வெளிவாசல் படியைக் கூட்டியவர், முந்தின நாள் படியோரம் அவரே ஊன்றியிருந்த பந்தல் கம்பு படியை விட்டு நாலு விரல் தள்ளி நிற்பதைப் பார்த்தார். கம்பைப் பிடித்து ஆட்டினார், அது ஆடவில்லை. மறுநாள் எட்டு விரல். அதற்கு மறுநாள் முளை ஒன்று அடித்து வைத்தார், வெள்ளிக்கிழமை முளையும் பின்தங்கிப் போனது. பிறகுதான் அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, பங்குச் சாமியார் ஹிலாரியிடம் போனார். சாமியார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, கோயில் திரும்புது."

"எந்தப் பக்கம்?"

"தெக்க."

"வேகமாவா?"

"நாளைக்கு நாலு விரல்தான்."

சாமியார் காப்பியை முடித்துவிட்டு, "அப்ப பூசைக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல" என்றார். ஆனாலும் அன்று சாயங்காலமே ஆயருக்கு ஒரு கடிதம் எழுதினார்.

அந்தக் கோயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றால் அதன் முகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இத்தாலி தேசத்திலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த ஒரு சாமியார், ஊர் அவரைத் தாடிச் சாமி என்றே ஞாபகம் வைத்திருக்கிறது, தான் பிறந்த ஊர்க் கோயிலை நினைவில் வைத்துக் கரித்துண்டால் ஒரு கிழிந்த பாயில் வரைந்து காட்ட, புன்னைத்துறை ஆட்கள் கடலடிப் பாறையை வெட்டி ஏற்றி, சிப்பி சுட்டுச் சுண்ணாம்பாக்கி, கருப்பட்டித் தண்ணியும் கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளையும் விட்டு அரைத்துப் பூசி, பதினெட்டு வருடத்தில் எழுப்பிய கோயில் அது. மூன்று அடுக்கு முகப்பு, இரண்டு பக்கமும் உடையப் போகும் அலை மாதிரி சுருண்டு நிற்கும் சுதை வேலை, உச்சியில் மாடம், மாடத்தில் நெஞ்சில் ஏழு வாள் பாய்ந்த மாதா. ஆனால் அந்த முகப்புக்குப் பின்னால் இருக்கும் கட்டடம் முகப்பில் பாதி உயரம்தான். உள்ளே பீடத்தின் இருபுறமும் முறுக்கிக்கொண்டு மேலே போகும் தூண்கள் சலவைக்கல் போலத் தெரியும், விரலால் தட்டினால் மரச் சத்தம் கேட்கும். தூணில் சுற்றியிருப்பது திராட்சைக் கொடி என்று தாடிச் சாமி சொன்னாராம். செதுக்கியவர்கள் திராட்சையைக் கண்டதில்லை என்பதால் நுங்குக் குலையைச் செதுக்கி வைத்தார்கள். கூரையில் வானம் திறந்து மாதா ஏறிப்போவது போல ஓவியம். கீழே நின்று பார்த்தால் கூரையே இல்லை என்று தோன்றும், மழை பெய்தால்தான் இருப்பது தெரியும். இத்தனை கண்கட்டும் ஒரே கட்டடத்தில் இருந்ததாலோ என்னவோ, புன்னைத்துறைக்காரர்கள் எதையும் ஒரு தடவை தட்டிப் பார்க்காமல் நம்புவதில்லை. பக்கத்து ஊர்களில் 'புன்னைத்துறை முகப்பைப் பார்த்துப் பெண் கொடுக்காதே' என்று சொல்வார்கள்.

ஆயர் அனுப்பிய என்ஜினியர் மூன்று நாள் தங்கி, கருவி வைத்துப் பார்த்து, அஸ்திவாரத்தில் குறை இல்லை, சுவரில் விரிசல் இல்லை, கோயில் நகர்ந்ததாகக் கணக்கு வரவில்லை, ஒருவேளை ஊர் நகர்ந்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கோயிலைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெறும் மணல் முற்றம் என்பதால் அது எதிலும் இடிக்கவில்லை. மணல் அதற்கு வழி விட்டு, பின்னாலேயே மூடிக்கொண்டது. தனியாக நிற்கும் மணிக்கூண்டு மட்டும் திரும்பாமல் பழையபடியே நின்றது. கடலில் நின்று கோயில் முகப்பைக் குறி வைத்துக் கரைக்கு வரும் வள்ளக்காரர்கள் பத்து நாள் திணறினார்கள், பிறகு மணிக்கூண்டைக் குறி வைத்துக்கொண்டார்கள். ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் வாசல் இந்த வாரம் எங்கே இருக்கும் என்று உத்தேசித்து நடக்கப் பழகினார்கள். ஒன்றரை மாதத்தில் ஊருக்கு இது மழைக்காலம் வெயில்காலம் போல ஆகிவிட்டது, கோயில் வீடுகளைப் பார்க்கத் தொடங்கும் வரை.

முற்றத்தின் தெற்கு ஓரத்தில் முதல் வீடு ரொசாரியுடையது, முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் வீடு. வைகாசி மாதத் தொடக்கத்தில் கோயில் வாசல் அவன் கடைக்கு நேரே வந்தது. உச்சியில் இருக்கும் மாதா கண்ணைத் தாழ்த்தியே இருப்பவள், முன்பெல்லாம் அந்தக் கண் மணலைத்தான் பார்த்தது, இப்போது ரொசாரியின் கல்லாப்பெட்டியைப் பார்த்தது. கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்கிவிட்டு ஒரு தடவை திரும்பிக் கோயிலைப் பார்த்தார்கள், அப்புறம் ரொசாரியைப் பார்த்தார்கள், ஒன்றும் பேசாமல் போனார்கள். ஒன்பது நாள் தாக்குப்பிடித்தான். பத்தாம் நாள், யாரும் கேட்காமலே, பக்கத்து வீட்டு விதவையின் நிலத்தில் இரண்டு முழம் உள்ளே தள்ளித் தன் வேலி நின்றிருந்ததாகச் சொல்லி, வேலியைப் பிடுங்கிப் பின்னால் நட்டான். மாதம் முடிந்ததும் கோயில் அவன் வீட்டைக் கடந்து போனது.

ஊருக்கு அப்போது விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தது. கோயில் தேடுகிறது. மறைத்து வைத்தவனைப் பார்க்கிறது, சொல்லிவிட்டால் விட்டுவிட்டுப் போகிறது.

இரண்டாவது வீடு கணக்கு டீச்சர் வீடு. பரீட்சைக் கேள்வித்தாளைச் சொந்தக்காரப் பிள்ளைக்கு முன்கூட்டியே காட்டியதாக அவள் ஒப்புக்கொண்டாள். மூன்றாவது, ஊர்க்கமிட்டித் தலைவர் சில்வேஸ்டர் மச்சாது. அவர் தன் முறை வருவதற்கு முந்தின வாரமே பூசை முடிந்த கையோடு எழுந்து, பதினெட்டு வயதில் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை நோன்பில் கறி தின்றதாகச் சொல்லிவிட்டார். நான்காவது வீட்டில் இரண்டு சகோதரர்கள் செத்துப்போன தகப்பனை அவர் உயிரோடு இருந்தபோது அடித்ததாக ஆளுக்கு ஆள் அழுதார்கள். ஐந்தாவது, கஸ்பார் வாஸ்; எழுபது வயது மனுஷன், முப்பது வருடத்துக்கு முன்னால் எதிராளியின் வலையை அறுத்தது தான்தான் என்றார். ஒவ்வொருவர் சொன்ன பிறகும் கோயில் அசைந்து அடுத்த வீட்டுக்குப் போனது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஜன்னலுக்குத் திரை வாங்கினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், "கோயில் உங்க வீட்டைப் பாத்தாச்சா?" என்று கேட்டார்கள், பார்த்தாச்சு என்றால் என்ன சொன்னீர்கள் என்றும், இன்னும் இல்லை என்றால் என்ன வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். புருஷன் பெண்டாட்டியை ஓரக்கண்ணால் பார்த்தான். பெண்டாட்டி புருஷனின் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

ஆறாவது வீடு எமரன்சியாவுடையது.

எமரன்சியாவுக்கு நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள். இருபது வயதிலிருந்து கோயிலின் பீடத்துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தவள். பத்து வருடத்துக்கு முன்னால் அவள் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் ஒரு பஸ் விபத்தில் செத்துப்போக, அவர்கள் மகள் ஜெனோவாவை மடத்துப் பள்ளி விடுதியில் விட்டுவிட்டு, மஸ்கட்டில் ஒரு டாக்டர் வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். எட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து, நீல ஓடு பதித்த முன்சுவருடன் சின்னதாக ஒரு கான்கிரீட் வீடு கட்டி, தையல் மெஷின் ஒன்று போட்டுக்கொண்டாள். ஜெனோவாவுக்கு இப்போது இருபத்துநாலு வயது. கீழமுனை ஊரில் படகு என்ஜின் மெக்கானிக்காக இருக்கும் வில்பிரட்டுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தது, தை மாதம் கல்யாணம்.

எமரன்சியா மஸ்கட் போன அதே வருடம்தான், அவள் போவதற்கு இரண்டு மாதம் முன்னால், மாதாவின் பொன்முடி காணாமல் போயிருந்தது. திருநாள் சப்பரத்துக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து மாதாவின் தலையில் வைக்கும் கிரீடம். அந்த வருடம் பெட்டியைத் திறந்தால் சுற்றி வைத்த பட்டுத்துணி மட்டும் இருந்தது. அப்போது யாரும் எமரன்சியாவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் பத்து வருடம் வைத்திருந்தார்கள்.

ஐப்பசி மாதத் தொடக்கத்தில் கோயில் அவள் வாசலுக்கு நேரே வந்தது. முப்பது நாள் ஆயிற்று. முப்பத்தோராம் நாள் பிரகாசி முளையைப் பார்த்தார், முளை அசையவில்லை, படியும் அசையவில்லை. முப்பத்தைந்து. நாற்பது. கோயில் நின்றுவிட்டது. மூன்று அடுக்கு முகப்பும், சுருண்ட அலைகளும், ஏழு வாளும், திறந்த பெரிய கதவும், கதவு வழியே தெரியும் பீடத்துத் தங்கமும் நேராக எமரன்சியாவின் நீல ஓடு வீட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டன. அவள் கதவைத் திறந்தால் பீடம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்கித் திரும்புகிற அத்தனை பேரும் முகத்துக்கு நேரே அவள் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள்.

முதலில் பால்காரன் வருவதை நிறுத்தினான். பிறகு அவளிடம் தைக்கக் கொடுத்த துணிகளைத் தைக்காமலே திரும்ப வாங்கிப் போனார்கள். ரொசாரி கடையில் அவள் நின்றால், அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு முதலில் கட்டிக் கொடுத்தான். யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை, அதுதான் ஜெனோவாவால் தாங்க முடியவில்லை. நாற்பத்திரண்டாம் நாள் வில்பிரட்டின் பெரியப்பா வந்து, உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க. கோயில் நகரட்டும், அதுக்கப்புறம் நாள் குறிச்சுக்கிடலாம்."

"நகரலன்னா?" என்று கேட்டாள் எமரன்சியா.

அவர் கோயிலைப் பார்த்தார். "அது உங்க கையிலதான இருக்கு" என்றார்.

அவர் போனபிறகு ஜெனோவா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எமரன்சியா முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் கோயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பாள். மஸ்கட் டாக்டர் வீட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உடைந்ததைப் பூனை மேல் போட்டிருக்கிறாள், அதையும் ஹிலாரி சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று. கோயில் ஒரு விரல்கூட அசையவில்லை. ஊருக்குக் கிண்ணம் வேண்டாம், முடி வேண்டும். அது கிடைக்கும் வரை ஜெனோவாவுக்குக் கல்யாணம் இல்லை.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு அவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கமிட்டி மண்டபத்துக்குப் போனாள். சில்வேஸ்டரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். அவள் போய் நின்றதும் பேச்சு நின்றது.

"நான்தான் எடுத்தேன்" என்றாள்.

சில்வேஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எத?"

"மாதா முடிய."

"எப்பிடி எடுத்த?"

"சலவைக்குப் பீடத்துணி எடுக்கப் போனப்ப. அழுக்குத் துணிக்குள்ள வச்சுச் சுத்திக் கொண்டுபோனேன்."

"பெட்டி பூட்டியிருக்குமே."

அவள் ஒரு நிமிஷம் தடுமாறினாள். பெட்டி பூட்டியிருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. "அன்னைக்குப் பூட்டல" என்றாள்.

"இப்ப எங்க இருக்கு?"

"உருக்கியாச்சு. மஸ்கட்ல."

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சை விட்டார்கள். ஒருவர் அழுதார். ஒருவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். சில்வேஸ்டர் கருணையாகத்தான் பேசினார். போலீஸ் வேண்டாம், மாதா பார்த்துக்கொள்வாள், கோயில் நகரும் வரைக்கும் நீ பூசைக்கு உள்ளே வராமல் வாசலில் முழங்காலில் நில், கீழமுனைக்கு நானே ஆள் அனுப்பிக் காரியம் முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன் என்றார். வெளியே வந்தபோது தெருவில் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்கள். ரொசாரி அன்று அவளுக்கு முதலில் கட்டிக் கொடுத்தான்.

வீட்டில் ஜெனோவா, "எதுக்கு அத்தை பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும் பொய்யின்னு?"

ஜெனோவா சோற்று வட்டிலை நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் பாதி ஊர் கோயில் படியோரம் நின்றது. பிரகாசி குனிந்து முளையைப் பார்த்தார். நிமிர்ந்தார். இல்லை என்று தலையாட்டினார். இன்றைக்குத்தானே, நாளைக்கு நகரும் என்றார்கள். நாளைக்கும் நகரவில்லை. மூன்றாம் நாள், அவள் முழுசாகச் சொல்லவில்லை என்று ஒரு பேச்சு எழுந்தது, உருக்கவில்லை, எங்கோ புதைத்திருக்கிறாள், நீல ஓட்டுக்குப் பின்னால் சுவருக்குள் வைத்துப் பூசியிருக்கிறாள். ஐந்தாம் நாள் ஒருவன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். எட்டாம் நாள் கமிட்டி கூடி, கிறிஸ்துமஸ் கழிந்ததும் எமரன்சியா ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தது. அவளே போய்விட்டால் கோயில் யாரைப் பார்க்கும்.

அந்த முடிவு தெரிந்த மறுநாள் மத்தியானம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், ரொசாரி பின்வாசல் வழியாக வந்தான். கையில் இரண்டு கிலோ சர்க்கரை இருந்தது. அதை அடுக்களை மேடையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

"என்ன ரொசாரி?"

"அக்கா, நீங்க எடுத்தேன்னு சொன்னீங்க, கோயில் நகரல."

"ஆமா."

"நான் சொன்னப்ப நகர்ந்திச்சு. அதான் ராத்திரியெல்லாம் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்." அவன் குரல் தாழ்ந்தது. "அந்த வேலி சரியான எடத்துலதான் நின்னுச்சு அக்கா. எங்க அப்பா அளந்து நட்ட வேலி. எல்லாரும் அப்பிடிப் பாத்தாவ, எதையாவது சொல்லணும்னு இருந்துச்சு. கைக்குக் கெடச்சது வேலிதான்."

எமரன்சியா சர்க்கரையை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"யாருக்கும் சொல்லிராதீங்க" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அடுத்த நாள் கணக்கு டீச்சர் வந்தாள். அவள் எந்தக் கேள்வித்தாளையும் யாருக்கும் காட்டியதில்லை, அந்தப் பிள்ளை கணக்கில் தோற்றவள்தான், அதையாவது ஊர் யோசித்திருக்க வேண்டாமா என்று கேட்டு அழுதாள். சகோதரர்களில் இளையவன் வந்தான். அவர்கள் அப்பாவை ஒரு நாளும் அடித்ததில்லை, அப்பா சாகும்போது தலை அவன் மடியில்தான் இருந்தது என்றான். கடைசியாகக் கஸ்பார் வாஸின் மனைவி செசிலி கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். அவள் மட்டும் முன்வாசல் வழியாக வந்தாள்.

"ஏட்டி, அந்த மனுஷன் வலையை அறுத்தாராம். வலை அறுந்த அன்னைக்கு எனக்கு ரெண்டாவது பிள்ளை வயித்துலயே செத்துப்போச்சு. மூணு நாள் ஆஸ்பத்திரியில என் கட்டில் பக்கத்துலதான் இருந்தாரு. எனக்குத் தெரியாதா?"

"நீங்க ஏன் அக்கா அப்பவே சொல்லல?"

"சொன்னா, கோயில் நகராம நின்னுட்டா என்ன செய்யுறதுன்னு பயம்" என்றாள் செசிலி.

கிழவி போனபிறகு எமரன்சியாவுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, ஒரு பெரிய ஆயாசம். கோயில் யார் சொல்லியும் நகரவில்லை. அது பாட்டுக்கு நாளைக்கு நாலு விரல் நகர்ந்துகொண்டிருந்தது, அது பாட்டுக்கு நின்றது. இடையில் நாலு வீடுகள் இல்லாத பாவத்தை எடுத்துத் தங்கள் மேல் பூசிக்கொண்டு, அடுத்த வீட்டைச் சந்தேகமாய்ப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கின்றன.

கிறிஸ்துமஸுக்கு முந்தின, திருவருகைக் காலத்துக் கடைசி ஞாயிறு, அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில், வாசலில் முழங்காலில் இருந்த எமரன்சியா எழுந்தாள். நடுப்பாதையில் நடந்து உள்ளே வந்தாள். யாரும் தடுக்கவில்லை, அவள் அவ்வளவு சாதாரணமாக வந்தாள். முறுக்குத் தூணுக்குப் பக்கத்தில் நின்று ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

"சாமி, ஒரு வார்த்தை."

ஹிலாரி சாமியார் கையிலிருந்த தாளை மடித்து, "சொல்லும்மா" என்றார்.

"நான் முடிய எடுக்கல. எடுத்தேன்னு சொன்னது பொய். எம் பிள்ளைக்குக் கல்யாணம் நிக்கப்படாதுன்னு சொன்னேன்."

சில்வேஸ்டர் முன்வரிசையில் எழுந்து நின்றார். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்லுதது பொய்யா? நாங்க எதை நம்பணும்?"

"எதை வேணும்னாலும் நம்புங்க அண்ணே. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். கோயில் பாத்தப்ப நீங்க எல்லாரும் ஒவ்வொண்ணு சொன்னீங்களே, அதுல எத்தனை நெசம்?"

கூரையில் வரைந்த வானத்துக்கு மேலே புறாக்கள் மாறி உட்காரும் சத்தம் கேட்டது. ரொசாரி தன் காலைப் பார்த்தான். டீச்சர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். எமரன்சியா ஒரு பெயரும் சொல்லவில்லை. சொல்வாளோ என்று நாலு குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

செசிலி கோலை ஊன்றி எழுந்தாள். "என் வீட்டுக்காரர் வலையை அறுக்கல. பயந்துபோய்ச் சொன்னாரு" என்றாள். பக்கத்தில் இருந்த கஸ்பார் அவள் சேலையைப் பிடித்து இழுத்தார், அவள் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இளைய சகோதரன் எழுந்து நின்றான், அவன் அண்ணனும் பக்கத்தில் எழுந்து நின்றான். டீச்சர் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ரொசாரி எழவேயில்லை, அவன் கொடுத்த இரண்டு முழத்தில் அந்த விதவை குளியலறை கட்டி முடித்திருந்தாள், அவளும் அதே வரிசையில்தான் இருந்தாள்.

"நான் கறி தின்னது நெசம்தான்" என்றார் சில்வேஸ்டர். அதை ஒருவரும் நம்பவில்லை.

அதன்பிறகு ஊர் நல்லதாக மாறிவிட்டது என்று சொன்னால் அது புன்னைத்துறையைத் தெரியாதவர்கள் சொல்வது. எமரன்சியாவை வெளியே போகச் சொன்ன முடிவைப் பற்றி யாரும் பேசவில்லை, அதை எடுத்ததாகவே ஞாபகம் இல்லாதது போல நடந்துகொண்டார்கள். பால்காரன் வந்தான். துணிகள் தைக்க வந்தன. ஆனால் அவள் தெருவில் நடந்தால் இப்போது ஜன்னல் திரைகள் மூடின. அவளுக்குத் தெரியும், யார் யார் பின்வாசல் வழியாக வந்தார்கள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். வரவே வராதவர்கள்கூட, இன்னொருவன் தன்னைப் பற்றி என்ன சொல்லிவிட்டுப் போனானோ என்று அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தார்கள். கோயிலைப் பார்த்துப் பயந்த அளவுக்கு மேல் அவளைப் பார்த்துப் பயந்தார்கள். கோயிலுக்காவது வாய் இல்லை.

கோயில் அதன்பிறகு அசையவேயில்லை. பிரகாசி பங்குனி வரை தினமும் முளையைப் பார்த்தார், பிறகு முளையைப் பிடுங்கி ஆட்டைக் கட்டப் பயன்படுத்திக்கொண்டார். பொன்முடி எங்கே போனது என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது.

வில்பிரட் மட்டும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தனியாக வந்தான், பெரியப்பாவை அழைக்காமல், மோட்டார் சைக்கிளில், விரல் இடுக்கில் கிரீஸ் கறையோடு. ஜெனோவா அவனை முன்வாசலில் நிறுத்தி வைத்துப் பேசினாள். எமரன்சியா உள்ளே தையல் மெஷினில் இருந்தாள், மெஷினை மிதிக்காமல்.

"நம்புனீங்களா?" என்று கேட்டாள் ஜெனோவா.

அவன் யோசித்துப் பார்த்துச் சொன்னான். "ரெண்டு நாள் நம்புனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வெக்கமா இருந்துச்சு. வாரதுக்குத் தைரியம் இல்ல."

இல்லவே இல்லை, ஒரு நாளும் நம்பவில்லை என்று அவன் சொல்லியிருந்தால் அவனைத் திருப்பி அனுப்பியிருப்பாள், அப்படித்தான் ஜெனோவா பிறகு அத்தையிடம் சொன்னாள். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

அவன் சாப்பிட்டுவிட்டுப் போனபிறகு, ஏனம் கழுவிக்கொண்டிருந்த எமரன்சியாவின் பக்கத்தில் அவள் வந்து நின்றாள். கழுவி வைத்த தட்டை எடுத்துத் துடைத்தாள். அதே தட்டை மறுபடி துடைத்தாள்.

"அத்தை."

"ம்."

"நானும் நம்பினேன். ஒரு நாள். நீங்க போய்ச் சொல்லுறதுக்கு முந்தி. மஸ்கட்ல இருந்து நீங்க வந்தப்ப கொண்டுவந்த பெட்டிய நெனச்சேன். நீங்க தூங்குறப்ப எந்திரிச்சு வந்து ஒங்க முகத்தைப் பாத்தேன்." அவள் மூன்றாவது தடவையும் தட்டைத் துடைத்தாள். "என்னை எட்டு வருஷம் படிக்க வச்சதே அந்த முடியில இருந்துதானோன்னு நெனச்சுட்டேன் அத்தை."

எமரன்சியா குழாயை மூடினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே கோயிலின் சுருண்ட அலை ஒன்று வெயிலில் வெள்ளையாய்த் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு ஜெனோவாவைப் பார்த்தாள்.

"ஒரு நாள்தானா?" என்றாள்.

"ஒரு நாள்தான் அத்தை. சத்தியமா."

"நான் மூணு நாள் நம்பினேன்டி" என்றாள் எமரன்சியா. "அது பாக்குறதைப் பாத்து எனக்கே எடுத்துட்டேனோன்னு வந்துட்டு. நீ கடைக்குப் போயிருந்த ஒரு நாள், கதவைச் சாத்திட்டு, இந்த அம்மிக்கல்லைப் புரட்டிப் போட்டு அடியில தோண்டிப் பாத்தேன்."

ஜெனோவா தட்டைக் கீழே வைத்தாள். அம்மியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, கேட்கலாமா கேட்கக் கூடாதா என்று தெரியாத குரலில் கேட்டாள்.

"இருந்துச்சா?"

எமரன்சியாவுக்குச் சிரிப்பு வந்தது. கோயில் அவள் வாசலுக்கு வந்த நாளிலிருந்து வராத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஜெனோவாவும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். தெருவில் போனவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, இவர்கள் நம்மைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நடையை எட்டிப் போட்டார்கள்.